சாமியாடியின் பல்செட்டு

முப்பிடாதியூரில் சடைச்சாமி என்று ஒரு சாமியாடி. அறுபத்தெட்டு வயசு. வாயில் ஒரு பல் கிடையாது. கெட்ட நேரம், அந்த ஊர்ச் சாமியாடிக்கு வேலையே பல்லால்தான். கோயில் திருவிழாவான கொடையன்று அருள் வந்து ஆடும்போது எலுமிச்சம்பழத்தைக் கடித்து எறிய வேண்டும். பழத்தில் பல் பதிந்தால்தான் குறி சொல்லலாம்.

போன கொடையில் ஈறால் கடித்தார். பழத்தில் எச்சில்தான் இருந்தது. "அடுத்த வருசமும் இப்படின்னா உரிமை பூலையாவுக்கு" என்று பூசாரி சொல்லிவிட்டார். அந்த உரிமைக்குக் காத்துக் கிடந்த பூலையாவுக்கு முப்பத்திரண்டு பல்லும் உண்டு. சிரித்தே காட்டினான்.

சடைச்சாமிக்குத் தங்கச்சி மக்கள் மூன்று பேர். மாசானம், வெயிலுமுத்து, இசக்கி. மூன்று தலையும் சேர்ந்தால் அரைத் தலை தேறும். அவர்கள்தான் மாமாவை டவுனுக்குக் கூட்டிப்போய் மேலும் கீழும் பல்செட்டு வைத்தார்கள். ஆவணி மூன்றாம் தேதி. செட்டு கல்லு மாதிரி நின்றது.

டாக்டர் ஒன்று சொல்லி அனுப்பினார். "நாள் போகப் போக ஈறு சுருங்கும். செட்டு ஆட ஆரம்பிச்சா வந்து காட்டுங்க."

வீட்டுக்கு வந்து நால்வரும் யோசித்தார்கள்.

"நாள் போனாத்தானே சுருங்கும்?" என்றான் மாசானம்.

"ஆமா."

"அப்போ நாளைப் போக விடக் கூடாது."

"எப்படிலே?"

"காலையில எந்திரிச்சதும் காலண்டர் தாளைக் கிழிச்சு நாளை விரட்டுறது யாரு? நீங்கதான் மாமா!"

சடைச்சாமிக்கு வெட்கமாகிவிட்டது. நாற்பது வருசமாகக் கிழித்திருக்கிறார். பல் ஏன் கொட்டியது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அதோடு காலண்டரில் யாரும் கை வைக்கவில்லை.

ஏழெட்டு மாசம் போனது. மேல் செட்டு சாம்பாரில் விழுந்தது. நால்வரும் காலண்டரைப் பார்த்தார்கள். ஆவணி மூன்று.

"வச்சதே இன்னைக்குத்தான். ஆட வழியே இல்ல" என்றான் வெயிலுமுத்து. "சாம்பார்தான் சரியில்ல."

சாம்பாரை நிறுத்தினார்கள். செட்டு ரசத்தில் விழுந்தது. ரசத்தை நிறுத்தினார்கள். பிறகு மோரும் போயிற்று.

"டாக்டர்ட்ட காட்டுவோமாலே?" என்று கேட்டார் சடைச்சாமி.

"ஆடினாத்தானே காட்டச் சொன்னாவ? ஆட வழியே இல்லங்கும்போது எதைக் காட்ட?"

நால்வரும் வெறுஞ்சோறு தின்றுகொண்டிருந்த ஒரு நாள், கொட்டுச் சத்தம் கேட்டது. பூசாரி வாசலில் வந்து கத்தினார். "கொடை ஆரம்பிச்சாச்சு, இங்க என்னவே பண்ணுதீரு?"

"கொடைக்கு இன்னும் பதினோரு மாசம் கிடக்கே?" என்றார் சடைச்சாமி, காலண்டரைக் காட்டி.

பூசாரி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அருள் வந்தது. சடைச்சாமி ஆடினார். பழத்தை ஓங்கிக் கடித்தார். எறிந்தார். பழம் போனது. பல்லும் கூடவே போனது. மேல் செட்டும் கீழ்ச் செட்டும் பழத்தைக் கவ்வியபடி பூலையா மடியில் போய் விழுந்தன.

"கடிக்குதுய்யா!" என்று அலறி எழுந்தான் பூலையா. நடுக்கம் தீர்ந்ததும் கையை நீட்டினான். "அவரு வாயைப் பாருங்க, ஒரு பல்லு இல்ல. உரிமை எனக்குத்தான்."

சடைச்சாமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"பழத்துல பல் பதிஞ்சிருக்கா இல்லியா?" என்று எகிறினான் இசக்கி.

பூசாரி எட்ட நின்று பார்த்தார். "பதியிறதென்ன, பல்லே இருக்கு. இது யாரு பல்லு?"

"வாயில இருக்கும்வரை மாமாவுது" என்றான் மாசானம், நியாயமாக. "இப்போ பழத்துட்டல்லா இருக்கு."

பூசாரியும் அந்த ஊர்க்காரர்தானே. வெகுநேரம் தாடையைத் தடவினார். "அப்போ பழம்தான் சாமியாடி."

மாலையைப் பழத்துக்குப் போட்டார்கள். பூமாலைக்குள் பழம் காணாமல் போனது. தேடி எடுத்துப் பூவுக்கு மேலே உட்கார்த்தினார்கள்.

சடைச்சாமிக்குக் கண் கலங்கியது. "மூணு தலைமுறை உரிமை போச்சேலே!"

"எங்க போச்சு? பழம் நம்ம மரத்துல காய்ச்சதுல்லா? உரிமை வீட்டை விட்டுப் போகல மாமா" என்றான் இசக்கி.

அது சரியாகத்தான் பட்டது. சடைச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். பழத்துக்கு முன்னால் கைகட்டி நின்று, முதல் ஆளாகக் குறி கேட்டார். "சாமி, எனக்குப் பல்லு எப்பக் கிடைக்கும்?"

கொட்டு நின்றது. கூட்டமே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. பழம் ஒன்றும் சொல்லவில்லை.

"கோவப்படாதீங்க மாமா" என்றான் மாசானம். "இப்பத்தானே பல்லு வச்சிருக்கு. பேசிப் பழக வேண்டாமா?"