குழுவில் உட்கார்ந்த எருமை

காட்டுக் குளத்தைப் பராமரிக்க விலங்குகள் கூடி ஒரு கம்பெனி தொடங்கின. பெரிய உடம்பு, வளைந்த கொம்பு, பார்த்தாலே ஒரு மரியாதை வரும் என்று சேறுமுத்து எருமையை இயக்குநர் ஆக்கின. சேறுமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

"எனக்கு என்ன வேலை?" என்று கேட்டது.

"குழுவில் உட்கார்ந்தால் போதும் ஐயா!" என்றது மேலாளர் நண்டு வளையப்பன்.

உட்காருவதா? அதில் சேறுமுத்துவை மிஞ்ச ஆள் ஏது! மாதாமாதம் கூட்டத்துக்கு வரும். உட்காரும். கொடுத்த கோரைப்புல்லை அசைபோடும். கடைசியில் வளையப்பன் ஈரக் களிமண் பலகை ஒன்றை நீட்டும். 'கரையைப் பார்வையிட்டேன், ஓட்டை இல்லை' என்று அதில் எழுதியிருக்கும். சேறுமுத்து குளம்பை வைத்து ஓர் அழுத்து அழுத்தும். அதுதான் கையெழுத்து.

ஒருநாள் செயலாளர் மீன்கொத்திக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, கரையை ஒரு தடவை நடந்து பாருங்களேன்! வளையப்பனின் சொந்தக்காரர்கள் எல்லாம் அங்கேதான் வளை தோண்டிக் குடியிருக்கிறார்கள்!"

"அப்படியா வளையப்பா?"

"கரைக்குக் காவல் வேண்டாமா ஐயா?" என்று நண்டு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே சொன்னது.

வெயில் கொளுத்தியது. அந்த வெயிலில் யார் நடப்பது? குளம்பு பதிந்தது.

ஐப்பசி மழையில் குளம் நிரம்பியது. அடுத்த கோடைக்கு எல்லா உயிரும் அந்தத் தண்ணீரைத்தான் நம்பியிருந்தன. ஒரு காலையில், வளைகள் வழியே கசிந்த தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்தது.

"கோடையில் என் குட்டி எதைக் குடிக்கும்?" என்று மான் கதறியது.

"நான் பெயருக்குத்தான் இயக்குநர்! நண்டைக் கேளுங்கள்!" என்றது சேறுமுத்து.

நண்டு அதற்குள் கம்பி நீட்டிவிட்டது.

மீன்கொத்தி பலகைகளைக் காட்டியது. "இது யார் குளம்பு?"

அவ்வளவு பெரிய குளம்பு அந்தக் காட்டில் வேறு யாருக்கும் இல்லை. சேறுமுத்துவின் அசைபோடும் வாய் முதன்முறையாக நின்றது. வெட்கம் அதைப் பிடுங்கித் தின்றது. விறுவிறுவென்று நடந்துபோய் உடைப்பின் நடுவே தொப்பென்று அமர்ந்தது.

"ஐயா, என்ன செய்கிறீர்கள்?" என்றது மீன்கொத்தி.

"உட்காருகிறேன்! மண்ணைக் கொண்டு வாருங்கள்!"

மூன்று நாள் எல்லா விலங்குகளும் மண் சுமந்தன. வளை இடிந்து வீடு இழந்த நண்டுகள் கோபத்தில் எருமையின் வாலைக் கிள்ளின. சேறுமுத்து அசையவில்லை. பாதிக் குளம் தப்பியது.

அடுத்த மாதம் புதிய மேலாளர் ஆமை பலகையை நீட்டியது. சேறுமுத்து பழக்கதோஷத்தில் குளம்பைத் தூக்கியது. சட்டென்று இறக்கிவிட்டுக் கரையை நோக்கி நடந்தது.

"ஐயா, பலகை காய்ந்துவிடும்!"

"பலகை காய்ந்தால் வேறு செய்யலாம். குளம் காய்ந்தால்?"

பொறுப்பில் அமர்ந்தவர் தாம் பார்க்காததற்குக் கையெழுத்துப் போட்டால், அதனால் வரும் கேட்டுக்கும் அவரே பொறுப்பு.