மூன்றாவது கண்மாயின் கரை

மாசிலாமணி மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு அறுபத்தொரு வயது. குரு பூரணத்தம்மைக்கு நாற்பத்திரண்டு. முப்பது வருஷம் ஓவர்சியராக இருந்துவிட்டு வந்தவர் என்பதால் அம்மை அவரை "ஓவர்சியரே" என்றுதான் கூப்பிடுவார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த இடத்திலும் உத்தியோகம் விடவில்லையே என்று முதலில் அவருக்கு வருத்தம். பிறகு பழகிவிட்டது. பிடித்தும்விட்டது.

அந்த வட்டாரத்தில் நான்கு கண்மாய்கள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருந்தன. மேலே இருப்பது நிறைந்தால், மிச்சத் தண்ணீர் அதன் கலுங்கில் வழிந்து அடுத்ததற்கு வரும். மூன்றாவது கண்மாய் மடத்தின் பொறுப்பு. நான்காவதின் கரைக்குக் கீழே தோப்புப்பட்டி, எழுபது வீடு.

மற்றவர்கள் தியானத்தில் உட்கார்ந்த நேரத்தில் மாசிலாமணி மூன்றாவது கரையில் கிடந்தார். இரண்டு கோடை மண் கொட்டினார், தண்ணீர் தெளித்தார், திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினார். அவருடைய தவம் அதுதான். அம்மையும் தடுக்கவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை, கஞ்சி குடித்த கையோடு அவர் கேட்டார்.

"அம்மா, ஒரு சந்தேகம். அவனவன் தன் கரையைப் பலமா வச்சுக்கிட்டாப் போதாதா? அடுத்தவனைப் பத்தி மடத்துல எதுக்கு இவ்வளவு பேச்சு?"

"மழை விடட்டும், சொல்றேன்."

மழை விடவில்லை. பத்து மணிக்கு இரண்டாவது கண்மாயில் மடை திறந்து மூடும் நீர்பாய்ச்சி அடைக்கலத்திடமிருந்து போன் வந்தது. முதல் கண்மாய் உடைந்துவிட்டது. அந்தத் தண்ணீர் முழுக்க இரண்டாவதில் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. "எங்க கரை ஒரு மணி நேரம் தாங்கினாப் பெருசுய்யா" என்றான் அடைக்கலம்.

அம்மை கொட்டகையிலிருந்து இரண்டு மண்வெட்டிகளை எடுத்தார். ஒன்றை மாசிலாமணியிடம் நீட்டினார்.

"கரையைப் பாக்கத்தானேம்மா?"

"வெட்ட."

மாசிலாமணி மண்வெட்டியை வாங்கவில்லை. "இந்தக் கரை உடையாது. நான் பொறுப்பு" என்றார்.

"உடையலைன்னே வச்சுக்குவோம். ரெண்டு கண்மாய்த் தண்ணியும் சேர்ந்து வந்தா எங்க போகும்?"

"கலுங்குல போகும்."

"கலுங்குல என்ன இருக்கு?"

கலுங்கில் வரிசையாக நட்டிருக்கும் கற்களுக்கு நடுவே பலகை செருகி, களிமண் அப்பி அடைத்தவர் மாசிலாமணியேதான். பத்து நாள்தான் ஆகிறது. ஒரு சாண் தண்ணீர் கூடுதலாக நிற்கட்டும் என்று செய்தது.

"யாரு அடைக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. ரெண்டாவது கண்மாய்ல அடைச்சிட்டாங்க. நமக்குத் தண்ணி வராமப் போயிருமோன்னு பயம் வந்துச்சு. நானும் அடைச்சேன்."

"அவங்க ஏன் அடைச்சாங்க?"

"மொதக் கண்மாயைப் பாத்து."

"நாலாவதுல?"

"என்னைப் பாத்து" என்றார் மாசிலாமணி. சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

இனிப் பலகையைப் பிடுங்கிப் பயனில்லை. பிடுங்கினால் தண்ணீர் தோப்புப்பட்டிக்குத்தான் போகும். நான்காவது கரையைப் போன கோடையில் அவர் நடந்து பார்த்திருக்கிறார். அடிமுதல் நுனிவரை நண்டு வளை. பிடுங்காவிட்டாலோ தண்ணீர் அவருடைய கரைமேல் ஏறும். தலைக்குமேல் தண்ணீர் ஏறினால் எந்த மண் கரையும் நிற்காது என்பது ஓவர்சியருக்குத் தெரியாததல்ல.

"தோப்புப்பட்டிக்கு ஆள் அனுப்பிட்டேன், மேட்டுக்கு ஏறச் சொல்லி" என்றார் அம்மை. "குழந்தை குட்டி, படுத்த படுக்கையா இருக்கிறவங்க. எல்லாரும் வந்து சேர நேரமில்லை. தெற்கு மூலையில அடியில பாறை இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது அவர்தான். அங்கே வெட்டினால் உடைப்பு பாறையோடு நின்றுவிடும், கரை மொத்தமாகப் போகாது. தண்ணீர் மடத்து வயலில் விழுந்து, காட்டோடை வழியாக, தோப்புப்பட்டியைத் தொடாமல் ஆற்றுக்குப் போகும். அந்தப் பன்னிரண்டு ஏக்கரில்தான் நெல் கதிர் விடப்போகிற நேரம். மடத்தில் தினமும் இருநூறு பேர் சாப்பிடுவது அந்த நெல்லைத்தான்.

மாசிலாமணி மண்வெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார்.

மண்வெட்டி இறங்க மறுத்தது. அவ்வளவு நன்றாக இறுக்கியிருந்தார். நாலு வெட்டு வெட்டியும் ஒரு கூடை மண்கூட வரவில்லை. உள்ளங்கை கிழிந்தது. அழுகை வந்தது, கோபமும் வந்தது.

"இவ்வளவு ஒழுங்காக் கட்டியிருக்க வேண்டாம்" என்றார்.

"வெட்டுங்க, ஓவர்சியரே."

அம்மையும் பக்கத்தில் நின்று வெட்டினார். மடத்துக்காரர்கள் ஒன்பது பேர் கடப்பாறையோடு வந்து சேர்ந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் வழி கண்டுபிடித்தது. பிறகு அதுவே மண்ணை அரித்துக்கொண்டு பாறைவரை இறங்கியது. பயிர் சாய்வதை மாசிலாமணி நின்று பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பதினொன்றேகாலுக்கு இரண்டாவது கண்மாய் உடைந்த வெள்ளம் வந்தது. கண்மாய் மளமளவென்று ஏறியது. கரையின் தலைக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. வெகுநேரம் அப்படியே நின்றது. மதியத்துக்குமேல் இறங்கத் தொடங்கியது.

நான்காவது கரை நின்றது. மேட்டில் நனைந்துகொண்டிருந்த தோப்புப்பட்டிக்காரர்கள், ஒன்றுமில்லாததற்கு இப்படி விரட்டிவிட்டார்களே என்று முணுமுணுத்தபடி வீடு திரும்பினார்கள்.

நாலாம் நாள் வெயில் வந்தது. மாசிலாமணி முதல் வேலையாகக் கலுங்குப் பலகைகளைப் பிடுங்கி மடத்து அடுப்படியில் போட்டார். பிறகு கூடையோடு தெற்கு மூலைக்குப் போனார். அம்மை அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"உடைப்பை அடைச்சிரட்டுமாம்மா? முன்னைவிடப் பலமா?"

"அடைங்க. இந்த இடத்தை மட்டும் மத்தக் கரையைவிட ஒரு முழம் தாழ்த்தி அடைங்க."

"தாழ்த்தினா அடுத்த வெள்ளத்துக்கு இங்கதானே மொதல்ல உடையும்? நம்ம வயலுக்குள்ளதானே போகும்?"

அம்மை சாய்ந்து கிடந்த பயிரைப் பார்த்தார்.

"வேற யார் வயலுக்குள்ள போகச் சொல்லலாம், நீங்களே சொல்லுங்க."

மாசிலாமணி கூடையைக் கீழே வைத்தார். குனிந்து, முழங்கையை உடையாத கரையின் தலையில் வைத்து, கீழ்நோக்கி ஒரு முழம் அளந்தார்.