சந்திரனுக்கு ஆயுசு குறைந்த கதை

சோழிப்பாளையத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொன்னால் பாவம். நிறையவே இருந்தது. அதைச் செலவழிக்கத்தான் அவர்களுக்கு மனசு வரவில்லை.

போட்டோப் பெட்டி நாட்டுக்குள் புதிதாக வந்திருந்த காலம். அந்த ஊர் அய்யாவு கோயம்புத்தூரில் ஒரு துரையிடம் தொழில் பழகி, பெட்டியும் கையுமாகத் திரும்பினார். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஊரில் ஒருத்தரும் எதிரே உட்காரவில்லை. மறுத்துப் பேசாத ஆளாகப் பார்த்து, பௌர்ணமியன்று பெட்டியைச் சந்திரன் பக்கம் திருப்பினார்.

எதிரே இருப்பவர் அசையக் கூடாது என்பது துரை சொல்லிக்கொடுத்த பாடம். ஆகவே ஊரே கூடி, அசையாதே சாமி என்று கால் மணி நேரம் கத்தியது. அப்படியும் கண்ணாடித் தகட்டில் சந்திரன் கத்தரிக்காய் மாதிரி நீண்டு விழுந்திருந்தார். பயத்தில் முகம் நீண்டுவிட்டது என்றார் நாட்டாமை வெள்ளியங்கிரி.

மறுநாள் சந்திரன் ஓரத்தில் கொஞ்சம் குறைந்திருந்தார். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பிறந்ததிலிருந்து தலைக்கு மேலே நடந்துகொண்டிருந்ததை ஊர் அப்போதுதான் கவனித்தது. அமாவாசையன்று ஆளே இல்லை. எல்லோரும் தலை முழுகினார்கள். கத்தரிக்காய்ப் படத்துக்கு மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அய்யாவு குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று பஞ்சாயத்தில் தீர்ப்பானது. போக்கிடம் எதுவும் அவருக்கு இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், சட்டி பானையை வண்டியில் ஏற்றும்போது மேற்கே மெல்லிசாக ஒரு கீற்று தெரிந்தது.

"ஏனுங்க, அது ஆருங்க?" என்றார் அய்யாவு.

நாட்டாமை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "அப்பன் ஜாடை அப்படியே இருக்குது. பச்சைப் புள்ளை. அப்பனைக் கொன்னவன் நீதான, நீயே வளர்த்து ஆளாக்கு. அதுவரைக்கும் ஊர்ல இரு."

அன்றிலிருந்து அய்யாவு வீட்டு ஓட்டின்மேல் தினமும் ஒரு செம்புப் பால். விடிந்தால் செம்பு காலி. ஊர்ப் பூனைகள் கொழுத்தன, சந்திரனும் கொழுத்தார். அய்யாவின் சொந்தப் பிள்ளைகள் நீராகாரம் குடித்து இளைத்ததை ஊரார் தியாகம் என்று மெச்சினார்கள்.

பௌர்ணமியன்று நாட்டாமை வெற்றிலைத் தட்டோடு வந்தார். அவர் மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த நேரம். ஊரை விட்டு விரட்ட இருந்தவரைச் சம்பந்தி என்றே கூப்பிட்டு உட்கார்ந்தார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது.

"அப்பனுக்கு இருபத்தேழு பொண்டாட்டின்னு சொல்றாங்க. பையன் எப்படிங்க?"

அய்யாவு நெஞ்சை நிமிர்த்தினார்.

"என் கையில வளர்ந்தவனுங்க. தப்புத்தண்டா ஒண்ணும் கிடையாது. பகல்லதான் அவ்வளவா வெளிய வரமாட்டான், கூச்ச சுபாவம்."