பேனாவில் எழுதிய சீட்டுகள்

கருக்கள் கெடாமல் ஊறும் ஸ்பிரிட்டுக்குள் போடும் பெயர்ச்சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். கருவியல் கூடத்தில் முதல் நாளே சொல்லித் தரும் பாடம் இது. ஆராய்ச்சி மாணவி நாச்சியாரோ, பழைய சீட்டுகளை மாற்றும்போது, எழுத்து பளிச்சென்று இருக்கட்டுமே என்று பேனாவால் எழுதித் தொலைத்தாள். ஒரே வாரத்தில் நான்கு புட்டிகளிலும் ஸ்பிரிட் நீலமாகிவிட்டது. சீட்டுகள் வெறும் தாளாகிவிட்டன.

முயல், பன்றி, கோழி, மனிதர். நான்கும் விரல்நகம் அளவுக் கருக்கள். ஆறு வருடத்துக்கு முன் கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கிப்போனதால் எடுக்கப்பட்ட தன் கருவைப் படிப்புக்கென்று தந்த செண்பகவல்லி, இப்போது அதை அடக்கம் செய்ய வேண்டுமென்று கேட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கத்தி மட்டும் படக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அதனால் அறுத்துப் பார்க்கவும் வழியில்லை.

நாச்சியார் நான்கு புட்டிகளையும் அள்ளிக்கொண்டு, தன்னைவிட மூன்று வயது இளையவரான பேராசிரியர் அருளம்மையிடம் ஓடினாள்.

“மேடம், இதுல எது மனுஷக் கரு?”

“நீங்களே பாருங்க.” அருளம்மை பூதக்கண்ணாடியை நீட்டினார்.

கண் பெரிதாக இருந்ததைக் கோழி என்று உடனே ஒதுக்கிவிட்டாள். மற்ற மூன்றில்தான் மாட்டிக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் வால் இருந்தது. எல்லாவற்றுக்கும் தொண்டையில் மீன் செவுள் போல மடிப்புகள். கையென்றும் காலென்றும் சொல்ல முடியாத மொட்டுகள். படத்தில் நூறு தடவை பார்த்தவள்தான், இன்றைக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த வழியாகத்தானா நானும் வந்தேன் என்று மலைத்துப்போய், வந்த வேலையையே ஒரு நிமிடம் மறந்துவிட்டாள்.

“தெரியலை மேடம். உங்களுக்கு?”

“இதா இருக்கலாம். இருக்கலாம்னு சொல்லி ஒரு தாய் கையில குடுக்க முடியுமா?”

அருளம்மையே வெளியே போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். செண்பகவல்லி அழுதாள். பிறகு உள்ளே வந்து, மூன்றையும் கண்ணாடி வழியாக மாறி மாறிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அழுகை நின்றுவிட்டது.

“மூணையும் குடுத்துடுங்கம்மா. எல்லாத்துக்கும் நானே அழுதுக்கிறேன்.”

நாச்சியார் மூன்று புட்டிகளையும் தட்டில் எடுத்து வைத்தாள். அருளம்மை நான்காவதைக் கையில் எடுத்து, கேட்பதுபோல் செண்பகவல்லியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அதுவும் தட்டுக்கு வந்தது.

“மேடம், அது கோழின்னு நல்லாத் தெரியுமே?”

“தெரியும். கொஞ்சம் தூரத்துச் சொந்தம். அதுக்காகத் துக்கத்துக்குச் சொல்லாம விடுவாங்களா?”