நடு ஊர் நண்டு

சரி, இந்தப் பக்கம் திரும்பிப் படு. ம் கொட்டணும். கொட்டலைன்னா நிறுத்திருவேன், எனக்கும் கண்ணு சொக்குது.

கடலோரத்துல வரிசையா மூணு ஊரு. நடு ஊர்ல ஒரு ஞானப்பூ. நண்டு வலை போட்டுப் பிழைக்கிறவ. நண்டு குறைஞ்சுக்கிட்டே போகுதுன்னு ஊர்க் கூட்டத்துல கத்திக் கத்தி, ஊருக்கு முன்னால கடல்புல்லு முளைச்ச இடத்துல யாரும் வலை போடக் கூடாதுன்னு மூட வச்சா. சினை நண்டு யாருக்குச் சிக்குனாலும் அங்க கொண்டுபோய் விட்டுரணும். தொபுக்!

ஒரு வருசம் ஆச்சு. நண்டு வரலை. ரெண்டு வருசம் ஆச்சு. ம்? வரலை. வெறும் வலையை உதறி உதறி அவளுக்குத் தோள்பட்டையே எறங்கிப்போச்சு. ஊர்த் தலைவர் சந்தியாகு சொன்னாரு, "இன்னும் ஒரு வருசம் பாப்போம் பிள்ள. வரலைன்னா திறந்துருவோம்."

ஞானப்பூவுக்கு அழுகையா வந்துச்சு. இம்புட்டு நண்டு விட்டமே, குஞ்செல்லாம் எங்க போச்சு? நண்டுக் குஞ்சு தூசி கணக்கா இருக்கும், தங்கம். ஒரு இடத்துல நிக்க அதுக்குத் தெம்பு கிடையாது. கடலுக்குள்ள ஒரு ஓட்டம் ஓடும், நீவாடுன்னு சொல்லுவாக, அது இழுத்த பக்கம் போகும்.

அப்போ ஞானப்பூ ஒரு காஞ்ச பனைமட்டையை அந்த இடத்துல போட்டுப் பாத்தா. காத்து சர்ர்ருன்னு தள்ளி, அவ காலடிக்கே கொண்டாந்து போட்டுருச்சு. மட்டை காத்துக்குப் போகுது, தண்ணிக்குப் போகலையே! அப்புறம் யோசிச்சு, ஒரு மிதப்புக் கட்டையில சாக்கைக் கட்டித் தண்ணிக்குள்ள தொங்க விட்டா. இப்போ தண்ணிதான இழுக்கணும்? அது வாடைக் காத்து நாளு. சளக், சளக்குன்னு கட்டை தெக்க போச்சு. இவளும் கரையோரமா நடந்தா, நடந்தா, கால் கடுக்க நடந்தா. தெக்கூர்க் கரையில கட்டை ஒதுங்கிக் கிடக்கு. பக்கத்துல ரகுமத்துன்னு ஒருத்தி, கூடை நிறைய நண்டு.

"ஏது இம்புட்டு?"

"ரெண்டு வருசமா கொட்டுது. அல்லா குடுக்குறான்."

"சினை நண்டையுமா எடுக்குற?"

"வலையில விழுந்ததை விடுவாகளா?"

நம்ம குஞ்செல்லாம் இங்கதான் வந்துருக்குன்னு ஞானப்பூவுக்குப் புரிஞ்சுச்சு. கட்டையைத் தூக்கிக்கிட்டுத் திரும்பி நடந்தா.

அப்புறம் தெக்க இருந்து சோழகக் காத்து வந்துச்சு. காத்து மாறுனா நீவாடும் மாறும். மறுபடி கட்டையைப் போட்டா. இப்போ வடக்க போகுது. வடக்கூர்ல ராக்கம்மான்னு ஒருத்தி, அவ கூடையும் நிறைஞ்சிருக்கு, அதுலயும் சினை நண்டு. ரெண்டு பக்கமும் குஞ்சை அனுப்பிட்டு நடுவுல இவ வெறுங்கையோட நிக்கா. அவுக மூடுனாத்தான இவளுக்கு வரும்? முட்டி வலி தாங்காம அங்கயே மணல்ல உக்காந்துட்டா. அப்புறம் ராக்கம்மாகிட்ட சொன்னா, ரகுமத்துக்கும் சொல்லி அனுப்புனா: "உன் கூடையில கிடக்குறது நாங்க மூடுனதால வந்தது. எங்க ஊர்ல திறக்கப் போறாக. வந்து கேளு."

கூட்டத்துக்கு ரெண்டு பேரும் வந்துட்டாக.

"திறந்துறாதீக, எங்க பொழப்பு போயிரும்," ரகுமத்து கெஞ்சுனா.

"அப்போ நீங்களும் ஒரு இடத்தை மூடுங்க. உங்கது எங்களுக்கு வரட்டும்," சந்தியாகு சொன்னாரு.

"வடக்கூரு முதல்ல மூடட்டும்."

"ஏன், தெக்கூரு முதல்ல மூடுனா ஆகாதா?" ராக்கம்மா எகிறுனா.

அப்புறம் ரெண்டு பேரும், நீயே சொல்லுன்னு ஞானப்பூவைப் பாத்தாக.

"என்னையப் பாக்காதீக," ஞானப்பூ சொன்னா. "நான் மூணு வருசமா முதல் ஆளா நிக்கேன். இனிமே முடியாது."

இவளும் விட்டுட்டா மூணு ஊருக்கும் நண்டு இல்லைன்னு ரெண்டு பேருக்கும் உறைச்சுச்சு. அப்போ ராக்கம்மா மெதுவா, "நாளைக்கே மூடிருவோம்"னா. ரகுமத்தும், "நாளைக்கே"ன்னா.

மறுவருசம் ஞானப்பூ வலையை இழுக்கா, இழுக்கா, வர மாட்டேங்குது. அம்புட்டுக் கனம். கரைக்கு வந்து பாத்தா, கரக் கரக்குன்னு வலை பூரா நண்டு! சிரிக்கணும்னுதான் நினைச்சா. தெம்பில்லை. கொடுக்கு எட்டாத தூரமாப் பாத்து, மணல்ல காலை நீட்டிப் படுத்து, வருசக்கணக்குத் தூக்கத்தையும் சேத்துத் தூங்கிட்டா.

கதை கரை ஏறிருச்சு. ம் சத்தத்தையும் காணோம். தூங்கு, தங்கம்.