கோடையிலும் திறந்திருந்த பள்ளி

“லீவு விட்டால் பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள், அம்மா” என்றார் வாகீசன்.

மலையடிவாரத்து விடுதிப் பள்ளிக்கு அவர்தான் ஆசிரியர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மலைமேல் சிறு மடத்தில் இருந்த அவருடைய குரு ஞானாம்பிகை, அவரைவிட இளையவர்.

“சித்திரையில் ஊருக்கு அனுப்புகிறேன். ஆனியில் திரும்பி வரும்போது எழுத்துக்கூட்டக்கூடத் தடுமாறுகிறார்கள். இந்த வருஷம் பள்ளியை மூடப்போவதில்லை.”

“சரி, மூடாதீர்கள்” என்றார் குரு.

கோடை வந்தது. பள்ளி நடந்தது. ஒரு பிள்ளையும் ஒரு வரியையும் மறக்கவில்லை. வாகீசனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒருநாள் பரஞ்சோதி என்ற மாணவனின் அம்மா மகனைப் பார்க்க வந்தாள், இடுப்பில் கைக்குழந்தையோடு.

“உன் தங்கச்சிடா” என்றாள்.

பையன் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தான்.

“இதுக்கு என்னைத் தெரியுமாம்மா?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வாகீசன் அன்றே மலையேறினார்.

“தப்புப் பண்ணிவிட்டேன், அம்மா. பள்ளியை மூடிவிடுகிறேன்.”

“சரி, மூடிவிடுங்கள்.”

மறுநாள் காலையில் வண்டி பிடித்துப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினார். ஒரே கூச்சல், சிரிப்பு. எல்லாம் ஓய்ந்தபின் கதவைப் பூட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

வகுப்பறையில் சிறுமி அலர்மேல் உட்கார்ந்திருந்தாள். புத்தகப்பையை மார்போடு அணைத்திருந்தாள்.

“நீ போகலையாம்மா?”

“சித்தப்பா வீட்டுக்குத்தான் போகணும், சார். அங்கே ஒரு வேளைதான் சோறு.”

பிறகு அவசரமாகச் சொன்னாள்: “நான் எதையும் மறக்க மாட்டேன், சார். நீங்க பாடம் நடத்துங்க.”

சமையற்கார அம்மாளை அவளுக்குத் துணையாக வைத்துவிட்டு, வாகீசன் மறுபடியும் மலையேறினார்.

“திறந்தாலும் பாவம், மூடினாலும் பாவம். இரண்டு தடவையும் நீங்கள் சரி என்றுதானே சொன்னீர்கள்!” என்றார்.

குரு செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு இறங்கி வந்தார்.

அவர்களைக் கண்டதும் அலர்மேல் துள்ளி எழுந்தாள். கைகட்டி நின்று, ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிக்கத் தொடங்கினாள்.

குரு அவள் முன்னால் மண்டியிட்டார். கட்டியிருந்த கைகளை மெல்லப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“இன்னிக்கு லீவு, கண்ணு” என்றார். “வா, சாப்பிடலாம்.”