ஒம்பதே காலுல நின்ன மோர்ஸ் போட்டி

முட்டாளா இருக்கறதுக்கு யாரும் பரீட்சை எழுத வேண்டியதில்ல. எங்க காலேஜ் ஹாம் ரேடியோ கிளப்ல மட்டும் பரீட்சை எழுதி, பாஸ் பண்ணி, அரசாங்க லைசென்ஸ் வாங்கிட்டு முட்டாளா இருந்தாங்க. நானும் அந்தக் கிளப்லதான் இருந்தேன். ஏன்னு யாரும் கேக்காதீங்க, கெட்ட கோவம் வரும்.

மோர்ஸ்னா குட்டைச் சத்தம், நெட்டைச் சத்தம், அவ்வளவுதான். கீன்னு ஒரு சின்னக் கட்டை இருக்கும். அதைத் தட்டித் தட்டியே முகம் தெரியாத ஆளோட ரேடியோவுல பேசலாம். அதுக்கு ஒரு போட்டி உண்டு. நிறைய பேரைப் புடிச்சு நம்பர் மாத்திக்கிறவன் ஜெயிப்பான். எங்க கிளப் இதுவரைக்கும் ஒருத்தரையும் புடிச்சதில்ல. பிரின்சிபால் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு: "ஞாயித்துக்கிழமை போட்டியில ஒரே ஒரு ஆளையாவது புடிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா சாயங்காலம் ஆறு மணிக்கு ரூம் கேரம் கிளப்புக்குப் போயிடும்."

அந்த ரூமை ஆபீஸ்ல நின்னு சண்டை போட்டு வாங்குனவ நான். வயிறு எரியுமா எரியாதா?

ஞாயித்துக்கிழமை காலையில தலைவர் சிங்காரம் போட்டி விதியை ஏதோ கல்யாணப் பத்திரிகை மாதிரி உரக்கப் படிச்சான். கூட பெர்க்மான்ஸும் முபாரக்கும் கைகட்டி நின்னாங்க.

"நாம சேந்திருக்கறது குறைஞ்ச பவர் பிரிவு. ஃபேனை நிறுத்து."

"டேய், அது ரேடியோ வெளிய அனுப்புற பவர்டா!"

"ஃபேனுக்கு விலக்குன்னு எங்கயாவது போட்டிருக்கா, பொற்கொடி?"

ஃபேன் நின்னுச்சு. லைட் அணைஞ்சுது. முபாரக் ஸ்டூல் மேல ஏறி சுவர்க் கடிகாரத்துலேருந்து பேட்டரியை உருவிட்டான். மணி ஒம்பதே கால். அதுவும் பவர்தானாம்.

அடுத்து, குரலைப் பயன்படுத்தக் கூடாது. போட்டி தொடங்குனதுமே மூணு பேரும் வாயை மூடிக்கிட்டாங்க. இனிமே டம்ளர்ல தட்டித்தான் பேச்சு. பெர்க்மான்ஸ் தட்டுறதுல ரொம்ப மெதுவு. 'பாத்ரூம் போகணும்'னு தட்ட ஆரம்பிச்சான். தட்டி முடிக்கறதுக்குள்ள அதுக்கு அவசியம் இல்லாமப் போச்சு.

காத்துல ஆன்டெனா கம்பி கழண்டுச்சு. இவனுங்க நகர மாட்டானுங்கன்னு நானே மொட்டைமாடிக்குப் போய் இழுத்துக் கட்டிட்டு வந்தேன். வந்து பாத்தா கதவு சாத்தியிருக்கு! உள்ள சுத்தியல் சத்தம். ஜன்னல் பக்கம் ஓடுனேன்.

சிங்காரம் டம்ளர்ல தட்டுனான்: "வெளி ஆள் உதவி கூடாது."

"நான் வெளி ஆளா?"

"இப்ப நீ எங்க நிக்கிற?"

ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ரேடியோவுல உலகமே கீச்சுக் கீச்சுன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கு. இவனுங்க கன்னத்துல கை வச்சுக் கேட்டுக்கிட்டே இருக்கானுங்க.

"பதில் குடுங்களேன்டா!"

சிங்காரம் தட்டுனான்: "முதல்ல கேளுங்க, அப்புறம் அனுப்புங்கன்னு விதி. அவங்க இன்னும் நிறுத்தலையே. ஒருத்தர் பேசறப்ப குறுக்க பேசலாமா?"

மத்தியானம் தாண்டுச்சு. கேரம் கிளப் தனபால் பலகையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஜன்னலுக்கு வந்துட்டான். "என்ன பொற்கொடி, ஸ்டாண்டை எந்த மூலையில போடலாம்?"

"உன் தலையில போடு."

அப்பத்தான் பெர்க்மான்ஸுக்கு மறுபடியும் அவசரம். கதவைத் திறக்கப் போனான். முபாரக் சுத்தியலால அடிச்ச அடியில தாழ்ப்பாள் நிலைக்குள்ள போய் வளைஞ்சு கிடக்கு. மூணு பேரும் இழுத்தாங்க, அசையல. கத்தலாம்னா குரல் கூடாது. சிங்காரம் யோசிச்சு, ரேடியோ முன்னாடி உக்காந்து ஆபத்துக்கான அழைப்பைத் தட்டுனான். போட்டியிலயே அவன் அனுப்புன முதல் சேதி!

உடனே இலங்கையிலேருந்து ஒரு மனுஷன் ரேடியோவுல பதறிட்டு வந்தாரு. "என்ன ஆபத்து? எங்க இருக்கீங்க?"

சிங்காரம் கீயிலேருந்து விரலை எடுத்தான். டம்ளரை எடுத்தான். "போட்டியில என்ன சொல்லலாம்?"

முபாரக் தட்டுனான்: "சத்தம் எப்படிக் கேக்குது, நமக்கு இது எத்தனையாவது ஆள். இந்த ரெண்டு மட்டும்தான்."

சிங்காரம் அனுப்புனான்: "அஞ்சு ஒம்பது ஒம்பது. ஒண்ணு." அதாவது, உங்க சத்தம் பிரமாதம், நீங்க எங்களுக்கு முதல் ஆள்.

"கப்பல் முழுகுதா?"

"அஞ்சு ஒம்பது ஒம்பது. ஒண்ணு."

"உயிரோட இருக்கீங்களா?"

"அஞ்சு ஒம்பது ஒம்பது. ஒண்ணு."

பாவம், அந்த ஆள் சலிச்சுப் போய் தன்னோட நம்பரைக் குடுத்துட்டுக் கிளம்பிட்டாரு. தொடர்பு செல்லும்! ரூம் எங்களுக்கு! நான் வெளிய நின்னு குதிச்சேன். உள்ள மூணு பேரும் சத்தமே இல்லாமக் கட்டிப்புடிச்சு அழுதாங்க.

ஆறு மணிக்குத் தனபாலே கடப்பாரை கொண்டுவந்தான். நல்ல பையன்தான். உள்ளேருந்து டம்ளர் அலறுச்சு: "தொடாதே! வெளி உதவி!"

"போட்டி முடிஞ்சுபோச்சுடா!" நான் கத்துனேன்.

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்!"

"வெளி ஆள் சொல்ற தகவலும் உதவிதான். எங்க கடிகாரம் ஒம்பதே கால் காட்டுது."

இன்னிக்கு புதன்கிழமை. உள்ள இன்னும் ஒம்பதே கால். பெர்க்மான்ஸுக்கு ஒரு வாளி போதும்னு ஆயிடுச்சு. காலையில ஜன்னல் வழியா இட்லிப் பொட்டலம் நீட்டுனேன். வாங்கலாமா கூடாதான்னு ரொம்ப நேரம் டம்ளர் விவாதம். கடைசியில, சும்மா வாங்குனாத்தான் உதவி, பதிலுக்கு ஏதாவது குடுத்தா அது பரிமாற்றம்னு தீர்ப்பாச்சு. சிங்காரம் பொட்டலத்தை வாங்கிக்கிட்டு பவ்யமாத் தட்டுனான்: "அஞ்சு ஒம்பது ஒம்பது. ரெண்டு."

மத்தியானம் தயிர் சாதம் கொண்டு போனேன். அதுக்கும் "ரெண்டு"ங்கறான்.

விட்டேனா? "இட்லி ரெண்டுன்னா தயிர் சாதம் மூணுடா! தப்பு நம்பர் போட்டா தொடர்பு செல்லாதுடா, அடிமுட்டாள்!" ஜன்னல் கம்பியைப் புடிச்சு ஒரு பீரியட் முழுக்க சண்டை. தொண்டை கட்டிப்போச்சு.

வராந்தாவுல கேரம் ஆடிக்கிட்டிருந்த தனபால் தலையை நிமித்துனான். "இப்படி ஏன் தொண்டை கிழியக் கத்தற?"

அவனுக்கு என்ன தெரியும்? கத்துனது தப்புதான், குரல் கூடாதுன்னு விதி இருக்கு. அவன் டீ டம்ளரைப் புடுங்கிட்டு வந்து, மீதி சண்டையை ஜன்னல் கம்பியில தட்டித் தட்டிப் போட்டேன்.